ஒருவரும் படுக்காத கட்டில்

எங்கள் ஒழுங்கை மூலையில் ஆறு அறைகள் உள்ள விருந்தினர் விடுதி ஒன்று இருக்கிறது. நல்லூர்க் கோயில் மணி தெளிவாகக் கேட்கும் தூரம். 2020 ஏப்ரலில், ஊரடங்கு போட்டு மூன்று நாலு கிழமை கழிந்த பிறகு, அங்கே வேலை செய்யும் அண்ணை தினமும் செய்யும் ஒரு காரியம் எங்கள் மேல்மாடி யன்னலால் தெரியும். ஒருவரும் தங்காத அறைகளை விடியவே திறப்பார். ஒருவரும் படுக்காத கட்டில்களிலிருந்து பெட்சீற்றுகளை உருவி, கிணற்றடியில் தோய்த்து, கொடியில் காயப் போடுவார். பின்னேரம் மடித்துக் கொண்டுபோய்த் திரும்பவும் விரிப்பார். மூலை நான்கையும் இழுத்துச் செருகி, தலையணையை இரண்டு தட்டுத் தட்டி நிமிர்த்தி வைப்பார். மறுநாள் விடிய மறுபடியும் உருவுவார்.

ஒருநாள் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"ஆரும் வரப்போகினமோ அண்ணை?"

"எங்க தம்பி வாறது. விரிச்சது விரிச்சபடி கிடந்தா எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

சொல்லிவிட்டுக் கொடியைப் பிடித்தபடி ஒரு பெருமூச்சு விட்டார். தோள் இரண்டும் உயர்ந்து இறங்கின.

பெருமூச்சு யாழ்ப்பாணத்தில் ஒரு நோய்க்குறியின் பெயருமாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர்க்காலத்தில் தன்னிடம் வந்தவர்களைப் பற்றி எழுதியவற்றில் இது திரும்பத் திரும்ப வரும். இங்குள்ளவர்கள் "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போவது குறைவு. தலையிடி என்பார்கள், நெஞ்சுநோ என்பார்கள், உடம்பு விறைக்குது, பெருமூச்சு வருது என்பார்கள். மனம் என்று தொடங்கினால் "விசர்" என்ற சொல் பின்னாலேயே வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் பயம் மட்டும் காரணமில்லை. உடம்பு உண்மையாகவே அப்படித்தான் பேசுகிறது.

சாதாரணமாக இருக்கும்போதும் மனிதர் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, தங்களை அறியாமலே, ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். அதற்கு நுரையீரலில் காரணம் இருக்கிறது. நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள் உள்ளன. நாம் விடும் சின்னச் சின்ன மூச்சுகளில் அவற்றிற் சில மெல்லச் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஈரப் பலூன் ஒட்டிக்கொள்வது போல. ஒட்டியதைப் பிரிக்கச் சாதாரண மூச்சுப் போதாது. அதைவிட இரண்டு மடங்கு காற்று வேண்டும். அந்த இரட்டை மூச்சுத்தான் பெருமூச்சு. அது வராமற் போனால் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்துவிடும்.

இதை இயக்கும் இடத்தை 2016இல் அமெரிக்காவில் ஜாக் ஃபெல்ட்மன், மார்க் கிராஸ்னோ ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் எலிகளில் கண்டுபிடித்தன. மூளைத்தண்டில் ஏறக்குறைய 200 நரம்புக் கலங்கள். கோடிகோடியான கலங்களுள்ள மூளையில், சாதாரண மூச்சைப் பெருமூச்சாக மாற்றும் வேலை இந்தச் சிறு கூட்டத்திடம் இருக்கிறது. அவை இரண்டு வகைப் புரத மூலக்கூறுகளை வெளியிட, மூச்சின் தாளத்தை நடத்தும் பக்கத்துக் கலங்கள் அதைக் கேட்டு ஒரு மூச்சின் மேல் இன்னொரு மூச்சை ஏற்றிவிடுகின்றன. கவலைப்படும்போதும் நெருக்கடியிலும் பெருமூச்சு கூடுகிறது. பதற்றத்தில் தாளம் கெட்டுப்போன மூச்சை அது பழைய நிலைக்குத் திருப்பி வைக்கிறது என்று பெல்ஜியத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கொடியடியில் நின்ற அண்ணையின் உடம்பு, அவர் கேட்காமலே, அவருக்காக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

என்னை உறுத்தியது வேறு. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரவேண்டியது, அவருக்கு ஒரு பெட்சீற் காயப்போட்டு முடிப்பதற்குள் மூன்று தரம் வந்தது.

இலங்கையில் கொரோனாவின் கதை விருந்தோம்பல் தொழிலிலேயே தொடங்கியது. 2020 சனவரி 27இல் இனங்காணப்பட்ட முதல் நோயாளி சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி. நாட்டுக்குள்ளே நோய் தொற்றிய முதல் இலங்கையர், மார்ச் இரண்டாம் வாரத்தில் இனங்காணப்பட்டவர், இத்தாலியப் பயணிகளை அழைத்துத் திரிந்த ஒரு சுற்றுலா வழிகாட்டி. விருந்தாளிக்குப் பக்கத்தில் நிற்பதே அவருடைய தொழில். அந்தத் தொழிலைச் சரியாகச் செய்ததால்தான் அவருக்கு நோய் வந்தது. அவர் குணமாகி வீடு திரும்பினார். ஆனால் "வெளிநாட்டுக்காரரோட நிண்டவர்" என்ற பேச்சு நாடு முழுவதும் அந்தத் தொழிலாளர் எல்லாரின் மேலும் ஒட்டிக்கொண்டது.

யாழ்ப்பாணத்துக்கு அது இன்னும் கிட்டவாக வந்தது. மார்ச் 15இல் அரியாலையில் ஒரு தேவாலய ஆராதனை நடந்தது. சுவிற்சர்லாந்திலிருந்து வந்து அதை நடத்திய போதகருக்கு, திரும்பிப் போன பிறகு தொற்று உறுதியானது. ஆராதனைக்குப் போனவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். மார்ச் 20 பின்னேரம் நாடு முழுவதும் ஊரடங்கு. யாழ். மாவட்டம் அபாய வலயங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டு, மற்ற மாவட்டங்களில் ஊரடங்கு தளர்ந்தபோதும் இங்கே தொடர்ந்தது. சுவிஸ், ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ் என்று பெயர் சொன்னாலே முகம் மலர்ந்த ஊர், அந்தப் பெயர்களைக் கேட்டுப் பின்வாங்கியது. இதை லேசான விஷயமாக எடுக்க முடியாது. தெற்கில் கடற்கரை ஹோட்டலுக்கு வரும் விருந்தாளி யாரோ ஒருவர். இங்கே வருபவர் பெரும்பாலும் எங்கட ஆக்கள். பெரியம்மாவின் பேரப்பிள்ளை, கலியாணத்துக்கு வந்த மச்சான், நல்லூர்த் திருவிழாவுக்கு வருசம் தவறாமல் வரும் கனடாக் குடும்பம். விருந்தாளியைப் பார்த்துப் பயப்படுவதென்றால், சொந்தத்தைப் பார்த்துப் பயப்படுவது.

விருந்தோம்பல் தொழில் இங்கே எவ்வளவு இளையது என்பதையும் நினைக்கவேண்டும். ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் விடுதி நடத்துவதைப் பற்றி ஒருவரும் யோசித்திருக்க முடியாது. போர் முடிந்து, பாதை திறந்து, 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி 24 வருட இடைவெளிக்குப் பிறகு யாழ்ப்பாணம் வரை வந்தது. வீடுகள் விடுதிகளாயின. பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. பொடியள் ஹோட்டல் படிப்புப் படித்து, வெள்ளைச் சட்டையும் கறுப்பு ரவுசருமாக வேலைக்குப் போனார்கள். வங்கியில் கடனெடுத்து மேல்மாடி கட்டியவர்கள், லீசிங்கில் வான் எடுத்தவர்கள் பலர். 2019 ஒக்ரோபர் 17இல் பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் சென்னையிலிருந்து விமானம் வந்தது. நாலு மாதம்தான். மார்ச்சில் நின்ற அந்தச் சேவை திரும்பத் தொடங்கியது 2022 டிசம்பர் 12இல்.

பெருந்தொற்றுக்கு முந்திய வருசமே ஓர் அடி விழுந்திருந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் சங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஹோட்டல்களில் குண்டுகள் வெடித்தது காலைச் சாப்பாட்டு நேரத்தில், சாப்பாட்டு மண்டபங்களில். தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலுமாக 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தட்டேந்தி நின்றவர்களும் அவர்களுள் அடக்கம். அதற்குப் பின் நாட்டில் எங்கோ ஒரு மூலையில் விருந்தாளியின் பையைத் தூக்கிய தொழிலாளிக்கும் கை ஒரு கணம் தயங்கியிருக்கும். 2018இல் நாட்டுக்கு வந்த பயணிகள் 23 இலட்சத்துக்கு மேல். 2019இல் 19 இலட்சம். 2020இல் 5 இலட்சம், அதுவும் ஏறக்குறைய முழுவதும் முதல் மூன்று மாதங்களில். 2021 முழுவதற்கும் 2 இலட்சம்கூட இல்லை.

இந்த எண்கள் பணத்தின் கதையைச் சொல்லும். அண்ணையின் பெருமூச்சை விளங்கிக்கொள்ள அவருடைய முகத்திலிருந்து தொடங்கவேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சைவக்கடை ஒன்றில் போய் இருந்தால், இருந்த கையோடு ஒருவர் வந்து நிற்பார். "வாங்கோ, என்ன சாப்பிடப் போறியள்? இட்டலி, தோசை, பிட்டு, இடியப்பம், உழுந்து வடை சுடச்சுட இருக்கு." நூறாவது ஆளுக்கும் அதே குரல், அதே முகம். அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். முதலாளி காலையில் ஏசியிருக்கலாம். முகத்தில் அது தெரியக் கூடாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் விமானப் பணிப்பெண்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 1983இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: உணர்வு உழைப்பு. மூட்டை தூக்குகிறவர் தோளை விற்பது போல, இவர்கள் முகத்தை, அதற்குப் பின்னாலுள்ள உணர்ச்சியை விற்கிறார்கள். அதில் இரண்டு விதம் உண்டென்றார். ஒன்று, உள்ளே ஒன்றிருக்க வெளியே சிரிப்பது. மற்றது, எதிரிலிருப்பவரை வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே உண்மையில் நினைத்துச் சிரிப்பது. முதலாவது விதம்தான் ஆளைத் தின்னும். அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் பலவற்றில், மேற்பூச்சாகச் சிரிப்பவர்களே அதிகம் களைத்துப் போகிறார்கள் என்பது தெரிந்தது.

பெருந்தொற்று இரண்டாவது விதத்தைப் பறித்துவிட்டது. கடைகள் திறந்த மாதங்களிலும் எதிரிலிருப்பவர் விருந்தாளியாக மட்டும் இருக்கவில்லை. இருமினால் அவர் ஆபத்து. அவருக்கு நீங்கள் ஆபத்து. அத்தோடு முகக்கவசம். 1862இல் பிரெஞ்சு வைத்தியர் டுஷென், உண்மைச் சிரிப்புக்கும் பொய்ச் சிரிப்புக்குமுள்ள வித்தியாசம் கண்ணைச் சுற்றியுள்ள தசையில் இருக்கிறது என்று எழுதினார். வாயின் ஓரத்தை இழுக்கும் தசை சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுருக்கும் தசை அப்படிச் சொன்னபடி கேட்காது என்பது அவர் கருத்து. மனம் சிரித்தால்தான் அது சுருங்கும் என்றார். முகக்கவசம் வாயை மூடிவிட்டது. இருபது வருசமாகப் பழக்கி வைத்திருந்த வாய்ச் சிரிப்பால் இனிப் பயனில்லை. கண்ணால்தான் சிரிக்கவேண்டும், பயமோ கண்ணுக்குள் இருக்கிறது. ஒரு வெயிற்றர் தம்பி என்னிடம் சொன்னார்: "முந்தி சிரிச்சுச் சமாளிக்கலாம். இப்ப எல்லாத்தையும் கத்திச் சொல்ல வேண்டிக் கிடக்கு. பின்னேரம் தொண்டையும் இல்லை, சீவனும் இல்லை."

குசினிக்குள் நின்றவர்கள் நிலை இன்னும் மோசம். கலிபோர்னியாவில் பெருந்தொற்றின் முதல் மாதங்களில் உழைக்கும் வயதினரின் மரணங்களைத் தொழில் வாரியாகக் கணக்கெடுத்தார்கள். முந்திய வருசங்களோடு ஒப்பிட, மரணம் மிகக் கூடியிருந்த தொழில்களில் முன்னுக்கு நின்றவர்கள் சமையற்காரர்கள், ஏறக்குறைய 60 வீதக் கூடுதல். வைத்தியசாலைத் தாதியரைவிடக் குசினிக்காரர் ஆபத்தில் நின்றார்கள் என்று அதற்கு முன் யார் நினைத்தார்கள்? நெருக்கமான இடம், வெக்கை, காற்றோட்டம் குறைவு, கவசம் போட்டால் மூச்சு முட்டும். எங்களூர்க் கொத்துரொட்டிக் கல்லடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. எல்லாவற்றிலும் அதுதான் ஆளை அரித்தது என்று நான் நினைக்கிறேன். எப்போது முடியும் என்று தெரியாமை.

2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரை ஒரு கணினி விளையாட்டு விளையாட வைத்தார்கள். திரையில் கற்கள் தெரியும். கல்லுக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்கவேண்டும். பாம்பு வந்தால் கையில் ஒரு சிறு மின்னதிர்ச்சி, நோகிற அளவுக்கு. அவர்களுடைய வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தபோது நெருக்கடி கூடவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அப்படி இருக்கவில்லை. வருவதற்கும் வராததற்கும் சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் உடம்பு அதிகமாகத் தவித்தது. நிச்சயமாக வரப்போகும் நோவைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்ற நிலை உடம்புக்குக் கடினம்.

ஹோட்டல்காரரின் நாட்காட்டியை இப்போது பாருங்கள். 2020 மே மாதம் ஊரடங்கு தளர்ந்தது. நல்லூர்த் திருவிழா வந்தது, ஆனால் கட்டுப்பாடுகளோடு. ஒக்ரோபரில் இரண்டாவது அலை. 2021 சனவரி 21இல் விமான நிலையங்கள் பயணிகளுக்குத் திறந்தன. ஏப்ரலில் புதுவருசம் கழிய மூன்றாவது அலை. மே 21 முதல் ஒரு மாதம் பயணத்தடை. ஓகஸ்ட் 20 முதல் ஒக்ரோபர் 1 வரை திரும்பவும் ஊரடங்கு. திறப்பு, பூட்டு, திறப்பு, பூட்டு. ஒவ்வொரு திறப்பிலும் மரக்கறி வாங்கி, மாவரைத்து, ஆளைக் கூப்பிட்டு, அதே கிழமை எல்லாவற்றையும் மூடவேண்டி வந்தது. கல்லைப் புரட்டப் புரட்ட அடியில் என்ன என்று தெரியாத ஒன்றரை வருசம்.

அப்படிக் காத்திருக்கும்போது உடம்புக்குள்ளே நடப்பதையும் சொல்லவேண்டும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. ஆபத்து என்று மூளை சொன்னால் அவை கோர்ட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கும். இரத்தத்தில் வெல்லம் கூடும், உடம்பு ஓடவோ நின்று பிடிக்கவோ ஆயத்தமாகும். வேலை முடிந்தால், போதும் என்று மூளையே தடுத்துவிடும். நாய் துரத்தினால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் வங்கியின் கடிதமும், வரப்போவதாகச் சொல்லி வராத விமானமும் நாயைப் போல வந்து போய்விடுவதில்லை. சுரப்பு அடங்காமல் மாதக்கணக்கில் நீண்டால் நித்திரை குழம்பும், ஞாபகம் தடுமாறும், சமிபாடு கெடும். அமெரிக்க நரம்பியலாளர் புரூஸ் மக்யூவன் இந்தத் தேய்மானத்துக்கு ஒரு பெயர் வைத்து வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். எங்களுக்கு அது "உடம்பு ஏலாமல் கிடக்கு". விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வந்து, பிறகு நித்திரை வராமல், முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பது.

அந்த மூன்று மணிக்கு நடப்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. யோசினை. எங்கள் பேச்சில் யோசிப்பது என்றால் சிந்திப்பது மட்டுமில்லை, கவலைப்படுவதும்தான். "அவள் சரியா யோசிக்கிறாள்" என்றால் அவள் கெட்டிக்காரி என்று பொருளில்லை, உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கிறாள் என்று பொருள். ஒரே நினைவைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதே மனச்சோர்வுக்கு வாசல் என்பதை அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹொக்செமா ஓர் எதிர்பாராத சந்தர்ப்பத்தில் காட்டினார். 1989 ஒக்ரோபரில் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம், கவலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பதிந்து வைத்திருந்தார். இரண்டு கிழமையில் அந்தப் பகுதியைப் பூகம்பம் உலுக்கியது. திரும்பப் போய்ப் பார்த்தபோது, முன்னரே யோசினைப் பழக்கம் இருந்தவர்களே பூகம்பத்துக்குப் பிறகு அதிகம் சோர்ந்து கிடந்தார்கள். கையில் வேலை இருக்கும்வரை யோசினைக்கு இடம் குறைவு. நாற்பது பேருக்குச் சாப்பாடு வைக்கிற ஆளுக்கு முகட்டைப் பார்க்க நேரம் ஏது?

அண்ணை ஏன் அந்தப் பெட்சீற்றுகளைத் தோய்த்தார் என்பதற்கு விடையை நான் கண்டது, 90 வருசத்துக்கு முந்திய ஒஸ்திரிய நாட்டுக் கிராமம் ஒன்றில். மரியந்தால். முழுக் கிராமமும் ஒரே துணி ஆலையை நம்பி வாழ்ந்தது. ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா என்ற இளம் உளவியலாளரும் தோழர்களும் அங்கே போய், வேலை போனவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்து 1933இல் எழுதினார்கள். நேரம் நிறையக் கிடைத்தால் நிறைய வாசிப்பார்கள் என்று யாரும் நினைப்போம். நூலகத்தில் இரவல் பாதியாகக் குறைந்திருந்தது. யன்னலுக்குள் இருந்து நேரம் பிடித்துப் பார்த்தார்கள். தெருவால் போகும் ஆண்கள் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி காரணமில்லாமல் நின்றார்கள். பெரும்பாலானவர்கள் கடிகாரம் கொண்டு திரிவதையே விட்டிருந்தார்கள். பெண்கள் நிற்காமல் நடந்தார்கள், அவர்களுக்கு அடுப்பும் பிள்ளைகளும் இருந்தன. வேலை சம்பளத்தோடு கூடவே நாளுக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே மனிதரையும், தான் எதற்கோ வேண்டியவன் என்ற எண்ணத்தையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார். சம்பளம் நின்றால் தெரியும். மற்றவை நின்றது தெரியாமலே ஆள் கரைந்துபோவார்.

அண்ணை நாளைக் கரைய விடவில்லை. ஆறு கட்டில்களையும் கடிகாரமாக்கி வைத்திருந்தார். அவர் மரியந்தாலைப் பற்றிக் கேள்விப்பட்டவரில்லை. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

சம்பளம் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, மனம் வயிற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஹோட்டல் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் சின்னது. வீட்டை ஓட்டுவது மாதக் கடைசியில் பங்கிட்டுக் கொடுக்கும் சேர்விஸ் சார்ஜும், விருந்தாளி கையில் வைக்கும் காசும். 2020 மே மாதம் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து, வேலையின்றி வீட்டிலிருக்கும் தனியார்துறை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அதைக் கொடுப்பதென்று உடன்பட்டார்கள். அது நல்ல முடிவு, பலரைப் பட்டினியிலிருந்து காத்தது. ஆனால் அதற்குப் பெயர்ப்பட்டியலில் இருக்கவேண்டும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் எங்கிருந்து வருகிறது? பக்கத்து ஒழுங்கைகளில் விடியப்புறம் எழும்பி, அடுப்பு மூட்டி, பிழிந்து, அவித்து, எண்ணிக் கொடுக்கும் பெண்களிடமிருந்து. கணவனை இழந்தவர்கள் அவர்களில் கனபேர். கடை பூட்டினால் அவர்களுக்கு 14,500 ஏது? எந்தப் பட்டியலிலும் பெயரில்லை. விருந்தோம்பல் தொழிலாளர் என்று கணக்கெடுத்தவர்கள் அவர்களை எண்ணியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்பது பற்றி இன்னும் எழுதப்படவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"நாங்கள் சண்டைக்குள்ள வாழ்ந்த ஆக்கள், இது எங்களுக்கு ஒரு பொருட்டோ?" என்று அந்த நாட்களில் பலர் சொன்னார்கள். அதில் பெருமை இருக்கிறது, உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. அரிசியையும் மண்ணெண்ணெயையும் பதுக்கி வைக்கத் தெரிந்த சனம். ஆனால் ஊரடங்கு என்ற சொல்லே இங்கே வெறும் சொல்லில்லை. 1987 சண்டையையும் 1995 இடப்பெயர்வையும் கண்டவர்களுக்கு, ஒலிபெருக்கி கட்டிய வாகனமும் ஆளில்லாத சந்தியும் கொரோனாவை மட்டும் ஞாபகப்படுத்தவில்லை. பழைய காயம் சிலரை உறுதியாக்கும், சிலரை அடுத்த அடிக்கு முன்னரைவிட மென்மையாக்கும். யார் எந்தப் பக்கம் என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. அதனால் அந்தப் பெருமைப் பேச்சை நான் நம்புவதில்லை. அது நொந்தவரின் வாயை மூடிவிடுகிறது.

பெருந்தொற்றின் முதல் வருசத்தில் பதற்றமும் மனச்சோர்வும் உலகமெங்கும் 25 வீதம் கூடியதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. அந்த 25 வீதத்துக்குள் எங்கள் தட்டேந்திகளும் றூம் போய்மாரும் இடியப்பக்கார அக்காமாரும் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் யாரிடமாவது சொன்னார்கள்? யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. போர்க்காலத்திலிருந்தே உளவளத் துணை செய்துவரும் சாந்திகம் இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் தொலைபேசி எடுத்துத் தமிழிலும் கதைக்கலாம். வாசலுக்குப் போகும் வழிதான் நீளம். "பெருமூச்சு வருது" என்று சொல்லிக்கொண்டு போனாலும் போதும். இங்குள்ள வைத்தியர்களுக்கு அந்த மொழி தெரியும்.

பெருமூச்சை மருந்தாகவும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பங்குபற்றிய ஓர் ஆய்வில், ஒரு பகுதியினரை ஒரு மாதம், நாளுக்கு ஐந்து நிமிடம், வேண்டுமென்றே பெருமூச்சு விடச் சொன்னார்கள். மூக்கால் ஒரு மூச்சு, அதன் மேலே இன்னொரு சிறு மூச்சு, பிறகு வாயால் நீள விடுதல். 2023இல் வெளியான முடிவின்படி, அவர்களுடைய மனநிலை, அதே நேரத்தைத் தியானத்தில் கழித்தவர்களைவிடக் கூடுதலாகத் தேறியிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் நான் செய்து பார்த்திருக்கிறேன், இலேசாகிறது. லீசிங் காசை எந்த மூச்சும் கட்டாது என்பதையும் பக்கத்திலேயே சொல்லவேண்டும். மனம் தேறுவதற்கு மூச்சு வேண்டும், ஆள் வேண்டும், மாதக் கடைசியில் காசும் வேண்டும்.

காசு வருவதற்கு முதல் 2022 வந்தது. டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, நாளில் பாதி மின்சாரம் இல்லை. விடுதி அண்ணை மண்ணெண்ணெய் வரிசையில் கானோடு நின்றதைப் பலநாள் கண்டேன். கொடியில் பெட்சீற் காய்வது நின்றுவிட்டது. எனக்கு அது பயமாக இருந்தது. மதிலடியில் நின்று கூப்பிட்டால் "ஓம் தம்பி" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

அந்த ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குச் சனம் திரும்பவும் வந்தது. கொடியேறி நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, இரவு பத்து மணிக்கு மேலே, ஒரு வான் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி விடுதி வாசலில் நின்றது. கனடாவிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு கிழவி. அண்ணை கேற்றைத் திறந்துவிட்டு நின்றார். வாங்கோ என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தது தெரிந்தது, குரல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிழவியின் கையிலிருந்த பையை வாங்கினார்.

மறுநாள் காலையில் கொடியில் பெட்சீற்றுகள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு மேலே நின்றேன். அண்ணை என்னைக் கண்டுவிட்டு ஒரு பெட்சீற்றை இழுத்து விரித்துக் காட்டினார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை.

"சின்னன் தேத்தண்ணியை ஊத்திப் போட்டுது" என்றார். "மூண்டு தரம் தோய்ச்சும் போகேல்ல. தேசிக்காய்ப் புளி போட்டுப் பாக்கவேணும்."

தேசிக்காய் பறிக்கப் பின்வளவுக்குப் போனார். கொஞ்சம் விரைவாகத்தான் நடந்தார்.